எழுதிக் கொடுத்த வாக்கு: தில்லி அரசுப் பணியில் இப்னு பதூதா

இப்னு பதூதாவை ‘உலகம் சுற்றிய பயணி’ என்ற ஒற்றைத் தொடருக்குள் அடக்கிவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. எத்தனை நாடுகளைக் கண்டார், எவ்வளவு தொலைவு கடந்தார் என்ற கணக்கே அவரைப் பற்றிய கட்டுரைகளில் முதலிடம் பெறுகின்றது. ஹிஜ்ரி 725 ரஜப் 2ஆம் நாள் (கி.பி. 1325 ஜூன் 14) ஹஜ்ஜை நாடித் தாஞ்சியர் நகரிலிருந்து தனியே புறப்பட்ட அவ்விளைஞருக்கு வயது 21. அவர் மீண்டும் மொரோக்கோ மண்ணை மிதித்தது 1349இல். இடைப்பட்ட 24 ஆண்டுகளில் ஏறத்தாழ 8 ஆண்டுகளை அவர் தில்லியில் கழித்தார். அதுவும் ஊர் காணும் பயணியாக அன்று, ஒரே அரசரிடம் ஊதியம் பெற்ற ஊழியராக.

நம் கடலோர ஊர்களில், பிழைப்பை நாடிக் கடல் கடந்தவரைச் ‘சபராளி’ என்று அழைப்பர். ‘சபர்’ என்றால் பயணம்தான். ஆயினும் சபராளியை யாரும் சுற்றுலாப் பயணியாகக் கருதுவதில்லை. அவருக்கு ஒரு முதலாளி உண்டு, ஒப்பந்தம் உண்டு, பெரும்பாலும் கடனும் உண்டு, ஊரில் காத்திருக்கும் ஒரு வீடும் உண்டு. இச்சொல்லின் பொருளிலேயே இப்னு பதூதாவின் தில்லி வாழ்வை நோக்க விரும்புகிறோம்.

நமக்குக் கிடைக்கும் சான்று அவரது ‘ரிஹ்லா’ ஒன்றே. மொரோக்கோ சுல்தான் அபூ இனானின் ஆணைப்படி, இப்னு பதூதா சொல்லச் சொல்ல, இப்னு ஜுஸை என்னும் எழுத்தர் அதனை நூலாக்கினார்; 1355இல் அப்பணி முடிந்தது. நினைவிலிருந்து சொன்னவை ஆகையால் காலக் குழப்பங்கள் அதில் மலிந்துள்ளன. சீனத்தைப் பற்றிய பகுதியை ஐயுறும் அறிஞர் பலர். அவர் தாயகம் திரும்பிய காலத்திலேயே ஃபெஸ் நகரத்தார் அவருடைய இந்தியக் கதைகளை நம்ப மறுத்ததை இப்னு கல்தூன் தமது ‘முகத்திமா’வில் பதிந்துள்ளார். ஆனால் தில்லிப் பகுதியின் நிலை வேறு. அதே அரசரின் அவையில் 17 ஆண்டுகள் இருந்த ழியாவுத்தீன் பரனீயின் வரலாற்றோடு ஒப்பிடும்போது, அது கண்ணால் கண்டவரின் வாக்குமூலம் என்பது தெளிவாகின்றது.

ஹிஜ்ரி 734ஆம் ஆண்டின் முதல் நாள், முஹர்ரம் பிறை 1 அன்று (1333 செப்டம்பர் 12) இப்னு பதூதா சிந்து நதியை அடைந்தார். எல்லைக்கு வரும் ஒவ்வொரு அந்நியரின் தோற்றம், உடை, உடன் வந்தோர், பணியாளர், கால்நடை, நடத்தை ஆகிய அனைத்தையும் எழுதி அனுப்பச் செய்தி எழுத்தர்கள் அங்கே இருந்தனர். சிந்துவிலிருந்து தில்லிக்கு 50 நாள் நடை; அஞ்சலோ 5 நாள்களில் சென்று சேரும். ஆளுக்கு முன்னே அவரைப் பற்றிய கோப்பு தலைநகரை அடைந்துவிட்டது என்பதே இதன் பொருள்.

முல்தானில் அவரிடம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே: எதற்காக வந்தீர்? தங்க விரும்பாதவரை உள்ளே விடலாகாது என்பது சுல்தான் முஹம்மது பின் துக்ளக்கின் ஆணை. சுல்தானுக்குப் பணியாற்றவும் இங்கேயே தங்கவும் வந்திருப்பதாக இப்னு பதூதா விடையளித்தார். உடனே காழியும் சாட்சிகளும் வரவழைக்கப்பட்டனர். தங்குவதாக அவர் பெயரிலும், இசைந்த தோழர்கள் பெயரிலும் பத்திரம் எழுதப்பட்டது. உடன் வந்தோருள் சிலர் கையெழுத்திட மறுத்துவிட்டனர் என்ற செய்தியை அவர் ஒரே வரியில் கடந்து செல்கிறார். அவ்வரியில் நாம் சற்று நிற்க வேண்டியுள்ளது. மறுத்தவர்கள் எதை முன்னுணர்ந்தார்களோ, அதை இப்னு பதூதா உணர்வதற்கு ஏழெட்டு ஆண்டுகள் பிடித்தன.

1325இல் அரியணை ஏறிய சுல்தான் அந்நியரை இவ்வளவு விரும்பியதற்குக் காரணம் இருந்தது. உள்ளூர்ப் பிரபுக்களை அவர் நம்பவில்லை. உறவும் நிலமும் ஆதரவாளர் கூட்டமும் இல்லாத அயல்நாட்டார் தம்மை மட்டுமே சார்ந்திருப்பர் என்று அவர் கருதினார். அந்நியரை ‘கரீப்’ என்று அழைப்பது அவர்தம் உள்ளத்தை உடைக்கும் என்று கூறி, ‘அஸீஸ்’, அதாவது கண்ணியத்துக்குரியவர், என்றே அழைக்க வேண்டுமென ஆணையிட்டார். சொல்லளவில் இதைவிடச் சிறந்த வரவேற்பு இருக்க முடியாது. இப்னு பதூதாவுக்குப் புதுப் பெயரும் கிடைத்தது; இந்தியாவில் அவர் மவ்லானா பத்ருத்தீன் ஆனார்.

வேலைக்குச் செல்லும் முன்பே கடன்படுவது நம் காலத்துச் சபராளிகளுக்கு மட்டுமே நேர்ந்த துன்பம் அன்று. சுல்தானைக் காணச் செல்பவர் அன்பளிப்புக் கொண்டு செல்ல வேண்டும். அவர் அதைப் பன்மடங்காகத் திருப்பித் தருவார். இதை அறிந்த வணிகர்கள் புதிதாக வருவோர்க்கு ஆயிரக்கணக்கான தீனார்களைக் கடனாக அளித்து, குதிரை, ஒட்டகம், உடை என யாவற்றையும் ஏற்பாடு செய்து கொடுப்பர். பரிசு கிடைத்ததும் இலாபத்தோடு பெற்றுக்கொள்வர். இப்னு பதூதாவும் கஸ்னியில் ஓர் இராக்கிய வணிகரிடம் சுமார் 30 குதிரைகளும் அம்புகள் ஏற்றிய ஓர் ஒட்டகமும் வாங்கினார். அவ்வணிகர் அதில் பெரும்பொருள் ஈட்டினார். பல ஆண்டுகளுக்குப் பின், யாவற்றையும் பறிகொடுத்த நிலையில் அலெப்போவில் அவரையே சந்தித்தபோது தமக்கு எந்த நன்மையும் கிட்டவில்லை என்று இப்னு பதூதா கசப்போடு கூறுகிறார். கடன் கொடுத்தவருக்கு அது வணிகம். வாங்கியவர்தாம் அதை உறவு என்று எண்ணிவிட்டார் போலும்.

தில்லியை அடைந்தபோது சுல்தான் தலைநகரில் இல்லை. அவருடைய அன்னை மக்தூமா ஜஹானும் வஸீரும் விருந்தினரை உபசரித்தனர். வந்து ஒன்றரை மாதம் ஆகியிருக்கும். ஓராண்டும் நிறையாத அவருடைய பெண் குழந்தை இறந்துவிட்டது. செய்தி அறிந்த வஸீர் பாலம் வாயிலுக்கு வெளியே ஒரு கான்காஹில் நல்லடக்கத்துக்கு ஏற்பாடு செய்து, சுல்தானுக்கும் கடிதம் எழுதினார். சுல்தான் பத்து நாள் பயணத் தொலைவில் இருந்தார்; மறுமொழியோ இரண்டாம் நாள் மாலையே வந்து சேர்ந்தது. மூன்றாம் நாள் காலை, தில்லி வழக்கப்படி, கப்றைச் சுற்றி விரிப்புகள் விரிக்கப்பட்டன, கப்றின்மேல் மலர்கள் வைக்கப்பட்டன, குர்ஆன் ஓதப்பட்டது, வந்தோர்மீது பன்னீர் தெளிக்கப்பட்டு, சர்பத்தும் வெற்றிலையும் வழங்கப்பட்டன. இவ்வளவையும் ஒன்றுவிடாமல் விவரிக்கும் இப்னு பதூதா தம் துயரத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அயல்மண்ணில் முதல் ஜனாஸாவை எடுத்தவர்களுக்கு இந்த மௌனம் புரியும். தெரியாத ஊரில், தெரியாத வழக்கப்படி, வேறொருவர் செலவில் எல்லாம் முறையாக நடந்துவிடுகின்றன. உரியவர் அருகே நின்று பார்க்கிறார்.

குழந்தையின் தாய் ஓர் அடிமைப் பெண். அக்கால வழக்கம் அது என்பதற்காக நாம் அதை மறைத்து எழுதுவது முறையன்று. அப்பெண்ணை மக்தூமா ஜஹான் பல்லக்கு அனுப்பி அழைத்து, ஓரிரவு தம்முடன் தங்கவைத்து, 1,000 தீனார்களும் பொன்னணிகளும் உடைகளும் கொடுத்தனுப்பினார். அவற்றை இப்னு பதூதா தம் தோழர்களுக்கும் கடன்காரர்களுக்கும் பகிர்ந்துவிட்டார். தம்மைப் பற்றிய ஒவ்வொன்றும் சுல்தானுக்கு எழுதப்படுவதால், தம் மானத்தைக் காத்துக்கொள்ளவே அவ்வாறு செய்ததாக அவரே கூறுகிறார். ஆறுதலாக வந்த பொருளும் கண்காணிப்புக்கு உட்பட்டதாகவே இருந்தது. அத்தாய் அதைப் பற்றி என்ன நினைத்தாள் என்பது நூலில் இல்லை.

சுல்தான் திரும்பியதும் பணிகள் பங்கிடப்பட்டன. அமைச்சும் எழுத்துப்பணியும் தம் தொழில் அல்ல, நீதித்துறையே தமக்கும் தம் முன்னோர்க்கும் உரிய தொழில் என்றார் இப்னு பதூதா. ஆண்டுக்கு 12,000 தீனார் ஊதியத்தில் தில்லியின் காழியாக அவர் நியமிக்கப்பட்டார். ஓராண்டு ஊதியத்துக்கு நிகரான தொகை கையிலும் கொடுக்கப்பட்டது. அரசர் வழங்கும் கொடையில் பத்தில் ஒரு பங்கைக் கருவூலத்தார் பிடித்துக்கொள்வது அங்கே வழக்கம் என்பதையும் அவர் குறிக்கத் தவறவில்லை. பணியை ஏற்கும்போது அவர் இரு தடைகளை நேர்மையாக எடுத்துரைத்தார்: தாம் மாலிகி மத்ஹபினர், இங்குள்ளோர் ஹனஃபிகள், தமக்கு இம்மக்களின் மொழியும் தெரியாது. சுல்தானின் விடை ஆயத்தமாக இருந்தது. முல்தானைச் சேர்ந்த பஹாவுத்தீன், பிஜ்னோரைச் சேர்ந்த கமாலுத்தீன் ஆகிய இருவரும் துணையாக இருந்து உம்மோடு கலந்தாலோசிப்பர். ஆவணங்களில் நீர் ஒப்பமிடுவீர் என்றார்.

இவ்வேற்பாட்டை எங்ஙனம் மதிப்பிடுவது? உள்ளூர் அறிஞர் இருவர் வேலையைச் செய்ய, வெளிநாட்டார் ஒருவர் பட்டத்தையும் உயர்ந்த ஊதியத்தையும் பெறும் நிலையை நாம் வேறு இடங்களிலும் கண்டிருக்கிறோம். பெரும்பாலும் நம்மவர் அந்த இருவரின் இடத்தில் இருந்திருக்கின்றனர். பஹாவுத்தீனும் கமாலுத்தீனும் ரிஹ்லா எழுதவில்லை. அவர்கள் தரப்பை நாம் ஊகிக்கத்தான் வேண்டும்.

ஊதியம் உயர்ந்ததாயினும் செலவு அதனை விஞ்சியது. அவர் கடன் 55,000 தீனாரை எட்டியது. அரபியில் ஒரு கஸீதா இயற்றிச் சுல்தானிடம் சமர்ப்பித்தார். அதோடு வேறொரு வழியையும் கையாண்டார். கடன்காரர்கள் அரண்மனை வாயிலில் கடனாளியை மறித்துச் சுல்தானின் பெயரால் முறையிட்டால், தீர்வு காணாமல் அவரை உள்ளே விடமாட்டார்கள். தமக்குக் கடன் கொடுத்தோரிடம் அவ்வாறே செய்யும்படி இவரே சொல்லி வைத்தார்! கடனைத் தீர்க்கச் சுல்தான் ஆணையிட்டபின்னும், கையூட்டை எதிர்பார்த்த அதிகாரி ஒருவரால் பணம் கைக்கு வரத் தாமதமாயிற்று. இப்பகுதியைப் படிக்கும்போது இப்னு பதூதாவின் மீது நமக்கு முழு மதிப்பு எழுவதில்லை. ஆனால் அவர் எதையும் ஒளிக்கவில்லை.

காழிப் பணியில் அவர் வழங்கிய தீர்ப்புகளைவிட, பின்னர் அவரிடம் ஒப்படைக்கப்பட்ட சுல்தான் குத்புத்தீன் முபாரக்ஷாவின் அடக்கத்தல நிர்வாகத்தைப் பற்றியே அவர் பெருமிதத்தோடு பேசுகிறார். ஓதுவோர், மாணவர், ஆசிரியர், சூஃபிகள், முஅத்தின்கள், பணியாளர் எனச் சம்பளம் பெற்றோர் 460 பேர். நாளொன்றுக்கு 12 மணங்கு மாவும் அதே அளவு இறைச்சியும் சமைக்கச் சுல்தான் ஆணையிட்டிருந்தார்; இவர் அதை 35 மணங்காக உயர்த்தி, வருவோர் போவோர்க்கெல்லாம் உணவளித்தார். கடும் பஞ்சம் நிலவிய காலம் அது. மொழி அறியாத காழிக்கு ஊரோடு உறவு ஏற்பட்டது நீதிமன்றத்தில் அன்று, இந்த அடுக்களையில்தான் என்று நமக்குத் தோன்றுகின்றது.

இதற்கிடையில் அவர் தில்லியில் மணமுடித்தார். மணமகள் ஹூர்நஸப், ஷரீஃப் ஜலாலுத்தீன் அஹ்ஸனின் மகள். இந்த அஹ்ஸன்தான் மஅபரில், அதாவது நம் தமிழ்க் கரையில், தில்லிக்கு எதிராக எழுந்து 1335 அளவில் மதுரையில் தனி சுல்தானாகியவர். அவர்மீது படையெடுத்துச் சென்ற முஹம்மது பின் துக்ளக், இப்னு பதூதாவைத் தில்லியிலேயே இருக்கப் பணித்தார். அஹ்ஸனின் மகன் இப்ராஹீம் பின்னர் சுல்தானின் ஆணைப்படி கொல்லப்பட்டார். உறவற்றவர் என்பதற்காகவே விரும்பி அழைக்கப்பட்ட அந்நியர், மணஉறவால் ஒரு கிளர்ச்சியாளரின் மருமகனாகவும், கொலையுண்டவரின் மைத்துனராகவும் ஆகிவிட்டார்.

ஆயினும் ஆபத்து வேறு வழியாக வந்தது. அரசுப் பணியை ஏற்க மறுத்து, சுல்தானைக் கொடுங்கோலன் என்று முகத்துக்கு நேரே சொன்ன ஷைகு ஷிஹாபுத்தீனை ஒருநாள் இப்னு பதூதா காணச் சென்றிருந்தார். ஷைகு சிறைப்பட்டதும் அவரைச் சந்தித்தோர் யார் யார் என்ற விசாரணை எழுந்தது. பட்டியலில் இவர் பெயரும் இருந்தது. நான்கு காவலர் இவருக்கு அமர்த்தப்பட்டனர். அவ்வாறு காவல் வைக்கப்பட்டவர் தப்புவது அரிது. முதல் நாள் ஒரு வெள்ளிக்கிழமை. ‘ஹஸ்புனல்லாஹ்’ திக்ரை 33,000 முறை ஓதியதாகவும், ஐந்து நாள்கள் தொடர் நோன்பிருந்து நாள்தோறும் ஒரு குர்ஆன் முடித்ததாகவும் அவர் கூறுகிறார். ஷைகு கொல்லப்பட்டார், இவர் விடுவிக்கப்பட்டார்.

அதன்பின் அவர் பணியைத் துறந்து, உடைமைகளை ஏழைகளுக்கு வழங்கிவிட்டு, கமாலுத்தீன் அப்துல்லாஹ் என்னும் குகைவாழ் துறவியிடம் ஐந்து மாதங்கள் இருந்தார். சிந்துவிலிருந்த சுல்தான் அழைத்துப் பணிக்குத் திரும்பச் சொன்னார். இவர் மறுத்து, ஹஜ்ஜுக்குச் செல்ல அனுமதி கேட்டார். முல்தானில் எழுதிக் கொடுத்த வாக்கிலிருந்து கண்ணியமாக வெளியேற இருந்த வழி இதுவொன்றே. ஹஜ்ஜுக்குச் செல்லாதே என்று ஒரு முஸ்லிம் அரசர் சொல்ல முடியாதல்லவா? அனுமதி கிடைத்தது. ஆனால் சில வாரங்களிலேயே மீண்டும் அழைப்பு வந்தது. பயணத்தில் உமக்குள்ள விருப்பம் அறிவேன், சீன மன்னரிடம் என் தூதராகச் செல்க என்றார் சுல்தான். அரச அங்கியை அணிவதற்காக நீலநிறப் பருத்திச் சட்டையைக் கழற்றியபோது தம்மையே நொந்துகொண்டதையும், அச்சட்டையைப் பார்க்கும்போதெல்லாம் உள்ளத்தில் ஓர் ஒளியை உணர்ந்ததையும் அவர் சொல்லும் இடமே தில்லிப் பகுதி முழுவதிலும் மிக அந்தரங்கமானது. கடற்கொள்ளையர் பறிக்கும் வரை அதை அவர் கைவிடவில்லை. ஹிஜ்ரி 743 ஸஃபர் 17 அன்று (1342 ஜூலை 22) அவர் தில்லியை விட்டுப் புறப்பட்டார். விடுதலை பெற்றவராக அன்று, வேறொரு பணி ஏற்றவராக.

அண்மைக் காலம் வரை வளைகுடா நாடுகள் சிலவற்றில் வேலை செய்தவர் முதலாளியின் இசைவின்றி நாட்டைவிட்டு வெளியேற முடியாதிருந்ததை நம் வாசகர் அறிவர். கத்தார் இம்முறையைப் பெரும்பாலான தொழிலாளர்க்கு 2018இலும், வீட்டுப் பணியாளர் முதலியோர்க்கு 2020இலுமே நீக்கியது.

கோழிக்கோட்டுத் துறையில் சீனத்துக்குரிய பரிசுகள் ஏற்றிய கப்பல் புயலில் உடைந்தது. ஜும்ஆவுக்காகக் கரையில் தங்கியிருந்ததால் இப்னு பதூதா தப்பினார். தில்லிக்குத் திரும்பினால், பரிசுகளை விட்டு நீ ஏன் பிரிந்திருந்தாய் என்று சுல்தான் கேட்பாரே என அஞ்சி, அலைந்து மாலைத்தீவை அடைந்தார். தம்மைப் பிடித்து வைத்துக்கொள்வார்களோ என்ற அச்சத்தால் தாம் காழியாக இருந்ததை அங்கே மறைக்க முயன்றார் என்பது சுவையான செய்தி. தில்லி கற்பித்த பாடம் அது. மறைக்க முடியவில்லை. அங்கும் காழியானார், மணங்கள் செய்தார். புறப்பட நினைத்தபோது, தந்த நகைகளைத் திருப்பித் தந்துவிட்டுச் செல்க என்று வஸீர் சொல்லி அனுப்பினார். அவற்றைக் கொடுத்துச் சோழி வாங்கிவிட்டேன், எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் இவர். நாங்கள் கொடுத்தது பொன், சோழியன்று என்றனர். சோழியை விற்க முயன்றால், அதை வாங்கலாகாதென்று வணிகர்களுக்கு ஆணை போயிருந்தது. போகவிடாமல் தடுப்பதற்கான சூழ்ச்சிதான் அது.

ஒருவழியாக 1344இல் அங்கிருந்து நீங்கி, இலங்கையில் பாவா ஆதமலையைத் தரிசித்து, தமிழ்க் கரையருகே கப்பல் சேதமுற்று உயிர் பிழைத்து, மஅபர் சுல்தான் கியாஸுத்தீன் தாமகானியின் முகாமை அடைந்தார். சுல்தானின் மனைவி ஹூர்நஸபின் சகோதரி; ஆகவே இவர் உறவினராக வரவேற்கப்பட்டார். அச்சுல்தான் கைதிகளையும் பெண்களையும் குழந்தைகளையும் கொன்ற கொடுமையைக் கண்டு மனம் பதைத்து, அவர் விரைந்து அழிந்தது அதனால்தான் என்று இப்னு பதூதா தீர்ப்புக் கூறுகிறார். அதே சுல்தானோடு சேர்ந்து, தமக்குச் சோறிட்ட மாலைத்தீவின்மீது படையெடுக்கத் திட்டமிட்டதையும் அவரே சொல்கிறார். இவ்விரண்டையும் ஒரே மனிதரில் ஏற்றுக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. மதுரையில் கொள்ளைநோய் பரவியது. இவருக்கும் கடுங்காய்ச்சல் கண்டது. அந்நாட்டில் மலிந்து கிடைக்கும் புளியை ஒரு ராத்தல் அளவு நீரில் கரைத்துக் குடித்துக் குணமானாராம். ராத்தல் என்னும் நம் எடைச்சொல்லே அரபி ‘ரத்ல்’ என்பதன் வழி வந்ததுதான். புதிய சுல்தான் இருக்கச் சொல்லியும் அவர் இருக்கவில்லை.

பின்னர் சீனத்தில், மொரோக்கோவின் சப்தா நகரத்து அறிஞர் ஒருவரைக் கண்டு இருவரும் அழுததாக ரிஹ்லா கூறுகின்றது. அப்பகுதியை ஐயுறுவோரும் அந்த அழுகையை ஐயுறமாட்டார்கள். அந்த அறிஞர் இளமையில் தில்லிக்கு வந்தவர். சுல்தான் 3,000 தீனார் கொடுத்துத் தங்கச் சொல்லியும் மறுத்துச் சென்றவர்.

1348இல் திமிஷ்கை அடைந்தபோது, இருபது ஆண்டுகளுக்கு முன் கருவில் விட்டுச் சென்ற மகன் இறந்து 12 ஆண்டுகள் ஆகிவிட்டன என்றும், தாஞ்சியரில் தந்தை இறந்து 15 ஆண்டுகள் ஆகிவிட்டன என்றும் அறிந்தார். மறு ஆண்டு தாயகத்தை நெருங்கித் தாஸா நகரில் இறங்கியபோது, தாய் கொள்ளைநோயில் இறந்த செய்தி அவருக்காகக் காத்திருந்தது. அதன்பின் அந்தலூசுக்கும் மாலிக்கும் சென்று வந்து, மொரோக்கோவில் ஒரு நகரின் காழியாக, தாம் அறிந்த மொழியில், தம் மத்ஹபைப் பின்பற்றும் மக்களிடையே எஞ்சிய நாள்களைக் கழித்தார்.

ஹூர்நஸபைப் பற்றி நூலில் சில வரிகளே உள்ளன. இரவில் நின்று வணங்கும் நற்பெண்மணி. தமக்கொரு மகளைப் பெற்றுத் தந்தவர். அவ்விருவரையும் அல்லாஹ் என்ன செய்தான் என்பதைத் தாம் அறியேன் என்கிறார் இப்னு பதூதா. அதையடுத்து, யாரும் கேட்காத ஒரு செய்தியையும் சொல்லி வைக்கிறார்: அவருக்கு வாசிக்கத் தெரியும், எழுதத் தெரியாது.